திறந்த பாடமும் திண்ணைத் துணையும்

இவான் இலிச் 1971-இல் வெளியிட்ட ‘டீஸ்கூலிங் சொசைட்டி’ என்னும் நூலை இன்று எடுத்துப் படிப்போர் மிகச் சிலரே. ‘பள்ளிக்கூடத்தினின்று விடுபட்ட சமுதாயம்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தொண்ணூறுகளில் குருமடத்தில் பயின்ற என் தலைமுறையினருக்கு இலிச் பெயரளவிலாவது அறிமுகமானவர். 1926-இல் வியன்னாவில் பிறந்து, 1951-இல் குருப்பட்டம் பெற்று, நியூயார்க்கில் குடியேறிய புவர்ட்டோ ரிக்கோ ஏழைகளிடையே பங்குப்பணி ஆற்றியவர் அவர். பின்னர் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் ஓர் ஆய்வு மையத்தை நடத்தி, 1969-இல் குருத்துவப் பணியினின்று விலகினார். அவர் நூலை இப்போது தூசு தட்டி எடுப்பதற்குக் காரணம் உண்டு. நூலின் நடுவே அவர் ‘கற்றல் வலைகள்’ என்றொரு கருத்தை முன்வைக்கிறார். இணையம் பிறவாத காலத்தில் எழுதப்பட்ட அப்பக்கங்கள், இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்து நிற்கும் இலவச இணையப் பாடங்களை எடைபோட நல்லதொரு அளவுகோலாக உதவுகின்றன.

இலிச்சின் குற்றச்சாட்டு எளியது. கற்பதையும் கற்றதற்குச் சான்று பெறுவதையும் பள்ளிக்கூடம் ஒன்றெனக் குழப்பிவிட்டது. கல்வியைத் தன் தனியுடைமையாக்கி, உள்ளே வர இயலாதவனை அறிவிலி என்று முத்திரை குத்திவிட்டது. இதற்கு மாற்றாக அவர் நான்கு வலைகளை விரிக்கிறார். நூல்களையும் கருவிகளையும் கற்போர் யாவர்க்கும் எட்டச் செய்வது முதலாவது. ஒரு திறன் கைவரப் பெற்றவர் அதை வேண்டுவோர்க்குக் கற்றுத்தருவது இரண்டாவது. ஒரே பொருளைக் கற்க விரும்பும் இருவரை, மூவரைத் தம்முள் சந்திக்கச் செய்வது மூன்றாவது. வழியறிந்த மூத்தோரைக் கற்போனுக்குக் காட்டிக்கொடுப்பது நான்காவது. கற்றலுக்கு இந்நான்குமே வேண்டும் என்பது அவர் துணிபு.

முதல் வலையைப் பொறுத்தவரை நாம் பேறுபெற்ற காலத்தில் வாழ்கிறோம். இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடப்பொருள்களை இணையத்தில் எவரும் விலையின்றிப் பெறலாம் என அறிவித்தது. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் தொடரை 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மாமன்றம் வழங்கியது. நம் நாட்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி. வாயிலை மிதிக்கவே கனவு காணவேண்டியிருந்த பிள்ளைகள், அங்குள்ள பேராசிரியரின் உரையைத் தம் வீட்டுக் கூடத்தில் கேட்கலாயினர். 2014 முதல் தேர்வும் சான்றிதழும் சேர்ந்தன. 2017 சூலைத் திங்களில் நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ தளம் திறக்கப்பட்டது. தமிழைப் பொறுத்தவரை, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் செய்த தொண்டு தனியே எழுதத்தக்கது. ஒரு காலத்தில் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு பெருநகர நூலகம் சென்று பார்க்கவேண்டியிருந்த நூல்கள், இன்று கந்தர்வக்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே படிக்கக் கிடைக்கின்றன.

இத்தனையும் கிடைத்த பின்னர், பயன் யாரைச் சேர்ந்தது?

2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது, 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். மறு ஆண்டு எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஏறக்குறைய 1,55,000 பேர் சேர்ந்து, 7,157 பேர் சான்றிதழ் பெற்றனர். பின்னர் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இணைந்து நடத்திய பாடங்களின் ஆறாண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. 2017-18-இல் பெயர் பதிந்தோருள் பாடத்தை முடித்தோர் நூற்றுக்கு மூவர் என்று அது காட்டியது. சேர்ந்தோரில் பெரும்பான்மையோர் வளமிக்க நாடுகளைச் சார்ந்தவர் என்பதையும் அது காட்டியது. ஊருக்குப் பொதுவாய் வெட்டிய குளத்தில், வீட்டில் கிணறுள்ளவரே வந்து நீர் மொண்டிருக்கிறார். 2013-இல் கலிபோர்னியாவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம் ஓர் இணையப் பாட நிறுவனத்துடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம் முதலிய பாடங்களை நடத்திப் பார்த்தது. வறிய பள்ளி மாணவர் பலர் சேர்ந்திருந்த அந்த முதற்பருவத்தில், தேர்ச்சி வகுப்பறை மாணவரினும் வெகுவாய்க் குறைந்தது, முயற்சி இடைநிறுத்தப்பட்டது.

‘பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை, கைப்பேசியில் திரைப்படம் பார்க்கிறார்கள்’ என்று இதற்கு விடை கூறிவிடுவோர் நம்மிடையே உண்டு. எளிதாய்க் கிடைப்பதன் அருமை எவர்க்கும் தெரியாது என்று முணுமுணுப்போரும் உண்டு. இவ்விரு விடைகளும் சோம்பலில் பிறந்தவை என்பது என் கருத்து. பாடத்தையே ஓர் இலக்கியப் பனுவலைப் போல வாசித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். எந்த எழுத்தும் தனக்கென ஒரு வாசகனை மனத்துள் வைத்தே எழுதப்படுகிறது. மறையுரை ஆற்றுவோர் இதை நன்கு அறிவர்: முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகம் சுளித்தால், அடுத்த வாக்கியம் தானாகவே எளிமையாகும். ஒளிப்பதிவு அறையில் தனியே நின்று கருவியை நோக்கிப் பேசும் பேராசிரியருக்கு அந்த முகம் இல்லை. ஆகவே அவர் மனத்தில் இருப்பது, தாம் நாள்தோறும் காணும் ஐ.ஐ.டி. மாணவனின் முகமே. ‘நீங்கள் முன்பே அறிந்தபடி’ என்று அவர் சொல்லும்போது, அந்த ‘நீங்கள்’ என்பதற்குள் நம் ஊர்ப் பிள்ளை இல்லை. பாடம் அறிவார்ந்தது, நேர்மையானது, பல வேளைகளில் அழகானதும்கூட. ஆனால் அது வேறொருவரை நோக்கிப் பேசுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் பகுதி முந்திரிக்குப் பெயர்பெற்றது. தாய்மார் பலர் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலிவேலைக்குச் செல்கின்றனர். அப்படிப்பட்ட ஒரு தாயின் மகள் தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்து, புதுக்கோட்டைக்குப் பேருந்தில் சென்று கல்லூரியில் கணிதம் பயில்கிறாள். தாய் வேலையிலிருந்து திரும்பிய பிறகு அவர் கைப்பேசியை வாங்கி, நேரியல் இயற்கணிதம் பற்றிய இணையப் பாடம் ஒன்றைக் கேட்கத் தொடங்கினாள். இரண்டு வாரம் கேட்டாள். மூன்றாம் வாரம் நின்றுவிட்டாள். ஏனென்று கேட்டபோது, “புரியலை சாமி, அது எனக்கு இல்லை” என்றாள். அவளைத் தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு சொல். ‘டிட்டர்மினன்ட்’ என்று பேராசிரியர் பலமுறை கூறினார். அது முன்பே தெரிந்ததெனக் கொண்டு மேலே சென்றார். பக்கத்துத் தெருவில் முதுகலை முடித்துத் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண், மறுநாள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: “அடியே, அது நம்ம அணிக்கோவைதான்.” மேல்நிலை வகுப்பில் அணிக்கோவையில் முழு மதிப்பெண் வாங்கியவள் இவள். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே தெரியாது என்று எண்ணி, பாடத்தை விட்டுவிட இருந்தாள். சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு இப்போது கிடைக்கிறது, வரவேற்கத்தக்க பணி. எனினும் அவளை மீட்டது மொழிபெயர்ப்பு அன்று. அவள் என்ன படித்திருக்கிறாள், எங்கே தடுக்கி விழுவாள் என்று அறிந்த ஒருத்தியின் நாலு சொல்தான்.

இலிச்சின் மூன்றாம், நான்காம் வலைகள் என்பவை இவையே. இணையப் பாடங்கள் முதல் வலையை முழுமையாகவும் இரண்டாவதைப் பாதியாகவும் பின்னியிருக்கின்றன. எஞ்சிய இரண்டும் பெயரளவில் மட்டுமே உள்ளன. ஐயம் கேட்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், உண்மை; ஆனால் ஆங்கிலத்தில் பிழையின்றி ஐயத்தை எழுதத் தெரிந்தவனுக்கு அந்த ஐயமே பெரும்பாலும் வந்திராது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகளோ பலர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்துலாந்துக் குருவானவர், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் வளர்த்தெடுத்தார். 1797-இல் இலண்டனில் அதைப்பற்றி எழுதி வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது உலகெங்கும் பரவியது. குறைந்த செலவில் பல்லாயிரவர்க்குக் கல்வி என்னும் கனவு அப்போதே சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்றது என்பது சுவையான செய்தி. நம் திருச்சபை வரலாற்றிலும், அச்சிட்ட தமிழ் நூல் 1578-இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் நூலை ஊர் ஊராகக் கொண்டு சென்று வாசித்துக் காட்டியவர் உபதேசியார். வீரமாமுனிவர் காவியத்தோடு நில்லாமல், உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது காரணத்தோடுதான்.

ஆனால் இவற்றையெல்லாம்விட நெருக்கமான சான்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். முந்தைய ஆண்டு எர்ணாகுளம் மாவட்டத்தில் நடந்த முழு எழுத்தறிவு இயக்கம் முன்மாதிரியாக இருந்தது. சம்பளமில்லாத் தொண்டர்கள், பெரும்பாலும் இளைஞரும் இளம்பெண்களும், மாலைநேரங்களில் தெருவிளக்கின் கீழும் அரிக்கேன் விளக்கின் முன்னும் அமர்ந்தனர். இலிச்சின் முதல் வலையை வைத்து நோக்கினால் அறிவொளி மிக ஏழை: ஒரு சிறு பாடநூல், ஒரு சிலேட்டு, ஒரு சுண்ணக்கட்டி. இன்றைய கைப்பேசி ஒன்றில் உள்ளதன் கோடியில் ஒரு பங்கும் அதனிடம் இல்லை. ஆயினும் மூன்றாவது வலையும் நான்காவது வலையும் அங்கே அடர்த்தியாகப் பின்னப்பட்டிருந்தன. நேற்று வராதவரை இன்று வீடுதேடிச் சென்று அழைத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் தத்தம் வேலைக் கூட்டாளியுடனேயே எழுத்துக் கற்றார்கள். கற்பிக்கச் செல்லும் பெண்கள் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே மிதிவண்டி ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியாயிற்று. 1992 மகளிர் நாளில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி ஒலித்து, புதுக்கோட்டைத் தெருக்களில் மிதிவண்டியில் வந்த காட்சியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுப் போட்டிகளில் மிதிவண்டி ஓட்டிக் காட்டினர் என்பதும் அவர் தரும் செய்தி. பின்னர் அக்கட்டுரை வடநாட்டுப் பிள்ளைகளின் இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. நம் வீட்டுப் பெண்களின் கதையை நாம் நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்?

அறிவொளியைப் புகழ்ந்து அத்துடன் நிறுத்திவிடவும் மனம் ஒப்பவில்லை. 1992-இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட பிறகு, தொடர்கல்வி தளர்ந்த ஊர்களில், எழுதப் பழகிய கைகள் மீண்டும் மைபூசிக் கைந்நாட்டுக்குத் திரும்பியதும் உண்டு. ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களைச் சொல்லும் நூலுக்கு ‘இருளும் ஒளியும்’ என்று பெயரிட்டது பொருத்தமே. துணை மட்டும் இருந்து பொருள் வற்றிப்போனால் நேர்வது இது. படிக்கத் தெரிந்த பெண்ணுக்குப் படிப்பதற்கு அடுத்த நூல் இல்லை. இன்றோ நூல் மலைபோல் குவிந்திருக்கிறது. அடுத்த நூல் எது என்று சொல்ல ஆளில்லை. முப்பது ஆண்டு இடைவெளியில் குறை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இனி இலிச்சிடம் எனக்குள்ள மறுப்பையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தையே விட்டொழிக்கலாம் என்று சொல்வது, அதன் உச்சிவரை ஏறிப் பட்டங்கள் பெற்ற அவருக்கு எளிது. நம் மக்களுக்கோ பள்ளிக்கூடம் என்பது பல தலைமுறைகளாக நுழையவிடாமல் தடுக்கப்பட்ட தெரு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் பயிலும் மகாராசா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, அவர் பெண் என்பதாலும் அவர் தாயின் குலம் காரணமாகவும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி இடமளித்தார். 1912-இல் அப்பெண் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிய விளங்கினார். அவருக்கு அன்று வீட்டிலிருந்தபடியே கேட்கும் பாடம் மட்டும் கிடைத்திருந்தால் அறிவு வளர்ந்திருக்கலாம். கல்லூரி வாயிலில் நின்ற எதிர்ப்போ அப்படியே நின்றிருக்கும். 1956-இல் காமராசர் மதிய உணவைக் கொண்டு பிள்ளைகளை இழுத்து வந்தது பள்ளிக்கூடம் என்னும் இடத்திற்குத்தான். பிற சாதிப் பிள்ளையின் அருகில் அமர்ந்து உண்பது எந்தக் காணொளியிலும் கிடைக்காத பாடம்.

என் அச்சம் இங்கேதான் பிறக்கிறது. இணையவழிப் பாடங்களின் மதிப்பெண்ணை, பட்டப்படிப்பில் இருபது விழுக்காடு வரை ஏற்கலாமென 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. 2021-இல் அது நாற்பது விழுக்காடாக உயர்ந்தது. நல்ல பாடம் நடத்த ஆளில்லாத கல்லூரி மாணவனுக்கு இது ஒரு கதவு; மறுக்கவில்லை. ஆனால் அரசுக் கலைக்கல்லூரிகள் நிரப்பப்படாத பணியிடங்களோடும் கௌரவ விரிவுரையாளர்களின் சொற்ப ஊதியத்தோடும் காலந்தள்ளும் நாட்டில், ‘பாடம்தான் இணையத்தில் இருக்கிறதே’ என்னும் சொல் ஒரு சாக்காக மாற எத்தனை நாள் ஆகும்? வசதியுள்ளவன் பிள்ளைக்கு ஆசிரியர், இல்லாதவன் பிள்ளைக்கு ஆசிரியரின் நிழற்படம் என்று ஆகிவிட்டால், திறந்த கல்வி என்னும் பெயரே கேலிக்கூத்தாகும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு. என்.பி.டி.இ.எல். தேர்வுக்கு ஆண்டுக்கணக்காக ஆயிரம் ரூபாய். பட்டியலினத்தார்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும் பாதி. மேற்பார்வையுடன் நேரில் எழுதும் தேர்வு என்பதால் செலவு உண்டு. கட்டணத்தை நான் பெரிதாகக் குறைகூறவில்லை. வருத்தம் தருவது வேறு. வாராந்தரப் பயிற்சிகளுக்கு இருபத்தைந்து, இறுதித் தேர்வுக்கு எழுபத்தைந்து என மதிப்பெண் பகுக்கப்பட்டதும், கல்லூரிகள் சில தம் பெருமைக்காக மாணவரைக் கூட்டங்கூட்டமாகப் பெயர் பதியச் செய்கின்றன. பயிற்சி விடைகள் கைப்பேசிக் குழுக்களில் சுற்றுகின்றன. உரையை ஒருமுறையும் கேளாமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகள் அதை மறைப்பதுகூட இல்லை. கற்றலும் சான்றும் ஒன்றெனக் குழம்பியதை எதிர்த்து எழுதிய இலிச்சின் வலைக்குள்ளேயே அந்தக் குழப்பம் குடியேறிவிட்டது. வணிகமும் வந்தது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2012-இல் பொதுநலன் கருதி நிறுவிய எட்எக்ஸ், 2021-இல் எண்பது கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் 2024-இல் கடன் சுமையால் திவால் காப்புக் கோரியது. அவ்வகையில் நம் அரசுத் தளங்கள் பொதுச்சொத்தாக நீடிப்பது ஆறுதல் தருகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு தானே நான்காம் வலையாகிவிடும் என்கிறார்கள். ‘டிட்டர்மினன்ட்’ என்றால் என்னவென்று கேட்டால் ‘அணிக்கோவை’ என்று நொடியில் அது சொல்லிவிடும். அந்தப் பெண்ணின் இடர் அதனால் தீர்ந்திருக்கவும் கூடும். ஆனால் அவள் கேட்கவில்லையே! ‘அது எனக்கு இல்லை’ என்று எண்ணிக் கைப்பேசியை மூடிவைத்தவளிடம், கேளாமலே வாசலில் வந்து நின்றவள் தையற்காரப் பெண். கேட்பவருக்கு விடை தரும் பொறி வேறு. கேட்கத் துணியாதவரைத் தேடி வரும் மனிதர் வேறு.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்றொரு ஆய்வு நூலகம் இருக்கிறது. கல்வித் துறையில் பணியாற்றிய கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் தம்பதியர் தம் சொந்த வருவாயில் திரட்டி வளர்த்தது. நூல்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். பழந்தமிழ் இதழ்களையும் முதற்பதிப்புகளையும் தேடி எத்தனையோ ஆய்வாளர் அங்கே சென்றிருக்கின்றனர். அங்குள்ள நூல்கள் பலவற்றை இன்று வேறு வழிகளிலும் பெற்றுவிடலாம். ஆயினும், ஒன்றைத் தேடிச் சென்றவரிடம் ‘இதையும் பாருங்கள்’ என்று அவர் கேளாத நூலை எடுத்து நீட்டும் நூலகத்திற்காகவே மக்கள் மெனக்கெட்டுப் பயணம் செய்கின்றனர். இலிச் குவெர்னவாக்காவில் அமர்ந்து எழுதிய நான்காம் வலை, கந்தர்வக்கோட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் எட்டிவிடும் தொலைவில், ஒரு வீட்டின் மாடியிலும் கூடத்திலும் அலமாரி அலமாரியாக நிற்கிறது.